இரண்டு வகை போதும்: ரயிலுக்குக் கட்டிய சோறு

கொங்குப் பகுதியில், பெண் கருவுற்ற ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ, பிறந்த வீட்டார் பலவகைச் சோற்றைச் சமைத்து எடுத்துக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போய், அங்குள்ளவர்களுக்கெல்லாம் பரிமாறிவிட்டு, பிரசவத்துக்காகப் பெண்ணை அழைத்துவருவார்கள். கட்டுச்சோறு விருந்து என்று சொல்வோம். ஈரோட்டுக்குப் பக்கத்தில் பிறந்து தென்காசிக்காரரை மணந்து சென்னையில் குடியிருக்கும் எனக்கும் அந்த விருந்து நடந்தது. தூக்குப் போசிகளில் புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் தேங்காய்ச் சோறும் தயிர்ச்சோறும் வந்திறங்க, அவற்றில் மிஞ்சியதைக் கட்டிக்கொண்டுதான் நான் அம்மாவோடு ஊருக்கு ரயில் ஏறினேன். அன்றிலிருந்து குழந்தைகளோடு போன பயணம் எதையும் கையில் சோறில்லாமல் தொடங்கியதாக நினைவில்லை.

வழியில் கிடைக்காத உணவா என்று கேட்பவர்கள் உண்டு. கிடைக்கும், ஆனால் குழந்தையின் பசி வண்டி நிற்கும் நேரத்தைப் பார்த்து வராது. இரவு பத்து மணிக்கு, ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் நடுவில், இருட்டில் ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியில்தான் வரும். அந்த நேரத்தில் மடியில் பொட்டலம் இருந்தால் பயணம் நம் கையில் இருக்கிறது. அதே சமயம், புறப்படும் நாளன்று ஆறு வகை சமைத்து முதுகு ஒடிந்துபோன தாய், ரயிலில் ஏறியதும் சுவரில் சாய்ந்து தூங்கத்தான் செய்வாள். ஜன்னலோரம் குழந்தை காட்டும் நிலாவைப் பார்க்க அவளால் முடியாது. அதனால் இரண்டு வகை போதும் என்பது எங்கள் வீட்டு விதி. மூன்றாவது வகை எதிர் இருக்கைக்காரர்கள் பார்ப்பதற்காகச் செய்வது என்பது என் கருத்து. என் அம்மா இதை இன்றும் ஒப்புக்கொள்வதில்லை.

அந்த இரண்டில் ஒன்று பெரும்பாலும் புளியோதரைதான். சோறு ஏன் கெடுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், இது ஏன் வழிப்பயணத்துக்கு வாய்த்தது என்பதும் விளங்கும். அரிசியில் இயல்பாகவே ஒட்டியிருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரின் வித்துகள் கொதிக்கும் நீரிலும் முழுமையாகச் சாவதில்லை. வெந்த சோறு வெதுவெதுப்பாக ஈரத்தோடு கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி, வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும் நச்சை வெளியிடுகின்றன. 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியசுக்கும் இடைப்பட்ட வெப்பம் இத்தகைய கிருமிகளுக்கு உகந்தது. சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைத்திருக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் இதனால்தான். புளியின் அமிலம் இந்தப் பெருக்கத்தைத் தடுக்கிறது. புளிக்காய்ச்சலை நன்றாகச் சுண்டவைப்பதால் அதிலிருக்கும் நீரும் குறைகிறது. ஆகவே தாராளமாகப் புளி விட்டுச் சுண்டக் காய்ச்சிய புளியோதரை இரவைத் தாண்டி நிற்கும். பெயருக்குப் புளி காட்டிய சோறு நிற்காது. மறுநாள் காலைக்கு மேல், சுண்டக் காய்ச்சிய புளியோதரையையும் நான் குழந்தைகளுக்குக் கொடுப்பதில்லை.

நாலு பேருக்கு 400 கிராம் அரிசி என்றால், 60 கிராம் பழம்புளியும் 100 மில்லி நல்லெண்ணெயும் எடுத்துக்கொள்வேன். புளியைச் சுடுநீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்து, கடுகு, கடலைப்பருப்பு, காய்ந்த மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்த எண்ணெயில் மஞ்சளும் உப்பும் சேர்த்து ஊற்றி, எண்ணெய் பிரிந்து ஓரத்தில் மிதக்கும்வரை சிறுதீயில் விட வேண்டும். இந்தக் காய்ச்சலைப் பயணத்துக்கு நாலைந்து நாள் முன்பே செய்து, ஈரமில்லாத பாட்டிலில் வைத்துவிடலாம் என்பதுதான் புறப்படும் நாளின் பாரத்தைப் பாதியாகக் குறைத்த வழி. எள், மல்லி, வெந்தயம் மூன்றையும் தனித்தனியே வறுத்துப் பொடித்து, சோற்றோடு கலக்கும்போதுதான் தூவ வேண்டும். முன்கூட்டியே காய்ச்சலில் போட்டால் வாசனை மங்கிவிடுகிறது. அரிசி பழைய அரிசியாக இருப்பது நல்லது. வழக்கத்தைவிடச் சற்றுக் குறைவாகத் தண்ணீர் வைத்து உதிரியாக வடித்து, அகலமான தாம்பாளத்தில் பரப்பி, இரண்டு கரண்டி நல்லெண்ணெய் விட்டு ஆறவிட வேண்டும். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் ஆவி மூடியில் நீராகப் படிந்து மறுபடியும் சோற்றின்மேல் சொட்டும். பயணத்தில் கெட்டுப்போகும் புளியோதரை பெரும்பாலும் இந்த நீரால்தான் கெடுகிறது. வேர்க்கடலையைத் தனியே வறுத்துச் சிறு டப்பாவில் எடுத்துக்கொண்டால் நமுத்துப் போகாது. அதோடு, சோறு தீர்ந்த பிறகு அரைமணி நேரம் ஒவ்வொன்றாகக் கொறிக்கப் பிள்ளைகளுக்கு ஒரு வேலையும் கிடைக்கும்.

இரண்டாவது வகை, பருவத்தையும் பிள்ளைகளின் வயதையும் பொறுத்தது. பல் முளைத்த நாள் முதல் இன்றுவரை என் மகனுக்குப் பொடி இட்லிதான். ஆவி அடங்கிய இட்லியின் இருபுறமும் நல்லெண்ணெயில் குழைத்த பொடியைத் தடவி, தணலில் வாட்டிய வாழையிலையில் அடுக்கிக் கட்டினால், எண்ணெய்ப் படலம் ஈரத்தை உள்ளேயே நிறுத்திக்கொள்வதால் பல மணி நேரம் கழித்தும் மெத்தென்று இருக்கும். குழந்தைகளுக்கான பொடியில் மிளகாயைக் குறைத்து எள்ளையும் பொட்டுக்கடலையையும் கூட்டிக்கொள்கிறேன். இலையை வாட்டாமல் கட்டினால் மடிப்பில் கிழிந்து, எண்ணெய் பையெல்லாம் கசிந்து, மாற்றுத்துணி முழுவதும் பெருங்காயம் மணக்கும். சின்ன இட்லித் தட்டில் வார்த்தவையாக இருந்தால் பிள்ளைகளே எடுத்து வாயில் போட்டுக்கொள்வார்கள். ஓடும் வண்டியில் ஊட்டிவிடும் வேலை மிச்சம்.

கோடைப் பயணத்துக்குத் தயிர்ச்சோறு வேண்டும் என்றால், தயிரை ஊற்றிப் பிசைந்து எடுத்துப்போகக் கூடாது, மதியத்துக்குள் புளித்துவிடும். குழைய வடித்த சோற்றை மசித்து, காய்ச்சி வெதுவெதுப்பாக ஆறிய பாலைத் தாராளமாக விட்டு, ஒரே ஒரு கரண்டி தயிர் சேர்த்துக் கட்டினால், வண்டியிலேயே நாலைந்து மணி நேரத்தில் அது உறைந்து புளிக்காத தயிர்ச்சோறாகிவிடும். காலையில் புறப்பட்டு மதியம் சாப்பிடும் பகல் வண்டிக்கு இதைப்போல் பொருத்தமானது வேறில்லை. வெள்ளரியும் மாங்காயும் உடன் கலந்தால் நீர்விடும், சாப்பிடும்போது தூவிக்கொள்ளலாம்.

எங்கள் ஊர் அரிசிம்பருப்புச் சோற்றை வழியில் சாப்பிட எனக்கு எத்தனை ஆசை இருந்தாலும் கட்டுவதில்லை. பருப்பும் ஈரமும் சேர்ந்தது வெயிலில் சீக்கிரம் ஊசிப்போகும். பச்சைத் தேங்காய்ச் சட்னிக்கும் அதே கதைதான். தேங்காயைச் சிவக்க வறுத்து, புளி வைத்துத் தண்ணீர் காட்டாமல் அரைத்த பருப்புத் துவையல் தாங்கும். அவித்த முட்டை, கருவாடு முதலானவை நல்ல உணவுதான். ஆனாலும் குளிரூட்டிய பெட்டியில் அவற்றைத் திறப்பது சக பயணிகளுக்குச் செய்யும் உபகாரமல்ல.

மகளுக்கு எட்டு மாதமிருக்கும்போது, அவளைத் தென்காசிக்கு முதன்முதலாகப் பொதிகை எக்ஸ்பிரசில் கூட்டிப்போனோம். ஆறு மாதம் நிறையும்வரை தாய்ப்பால் மட்டும், அதற்குப் பிறகு தாய்ப்பாலோடு கூழ் உணவு என்பதுதான் மருத்துவர் சொன்ன முறை. அதற்காக அவலையும் பொட்டுக்கடலையையும் வறுத்து நைசாகப் பொடித்து வைத்திருந்தேன். வென்னீர் விட்டுக் கரைத்து ஐந்து நிமிடம் மூடிவைத்தால் கஞ்சியாகிவிடும். கூடவே ஒரு வாழைப்பழத்தை மசித்துக் கொடுத்தால் ஒரு வேளை முடிந்தது. பிளாஸ்கில் முதலில் கொஞ்சம் கொதிநீரை ஊற்றி, சுழற்றிக் கொட்டிவிட்டு, பிறகு நிரப்பினால் சூடு விடியும்வரை நிற்கும் என்பதை என் கணவர் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு பிளாஸ்க் பொறுப்பு நிரந்தரமாக அவருடையதாயிற்று. போய்ச் சேர்ந்ததும், குழந்தையின் நாக்கில் ஒரு துளி தேன் வைக்க வேண்டும் என்று அத்தை ஆசைப்பட்டார்கள். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் போட்டுலிசம் என்னும் கடும் நோய் வரக்கூடும் என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, அவர்கள் சற்றும் மனம் கோணாமல் தேன் பாட்டிலை உள்ளே வைத்துவிட்டு, எனக்காகக் கிண்டிவைத்திருந்த உளுந்தங்களியை எடுத்துவந்தார்கள். கருப்பட்டிப் பாகும் நல்லெண்ணெயும் மிதந்த அந்தக் களியைப் பிள்ளை பெற்றவளின் இடுப்புக்கு என்று சொல்லி என்னை உட்காரவைத்து உண்ணவைத்தார்கள்.

அந்தப் பாதையில் விடிகாலைதான் அழகு. விருதுநகரைத் தாண்டிச் சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் என்று வண்டி தென்மேற்காகத் திரும்பி ஓடும்போது வலப்பக்கத்து ஜன்னலில் மேற்குத் தொடர்ச்சி மலை எழுந்து கூடவே வரத் தொடங்கும். ஆனி, ஆடி மாதங்களில் மலையின் மேல்பாதி மேகத்துக்குள் இருக்கும். சங்கரன்கோவில், கடையநல்லூர் தாண்டியதும் சாரல் காற்று முகத்தில் அடிக்கும். வீட்டில் ஒரு இட்லிக்கு ஒரு கதை கேட்கும் பிள்ளைகள், இந்த ஜன்னலோரத்தில் கேட்காமலேயே மூன்று இட்லி தின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். உணவு அதேதான், கையும் அதேதான். தட்டைச் சுற்றி நடக்கும் கெஞ்சலும் அதட்டலும் இல்லாததுதான் வேறுபாடு என்று தோன்றியதால், வீட்டிலும் கதை சொல்லி ஊட்டுவதை அத்தோடு நிறுத்தினேன். முதலில் சில நாள் குறைவாகத் தின்றார்கள். பிறகு பசிக்குத் தின்னப் பழகிக்கொண்டார்கள்.

குற்றாலத்தில் பேரருவியிலும் ஐந்தருவியிலும் பெரியவர்கள் முண்டியடிக்கும் நேரத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் புலியருவிதான் பாதுகாப்பு. அருவியில் நனைந்த உடம்புக்குப் பசி உடனே எடுக்கும். எண்ணெய்ச் சட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த மிளகாய் பஜ்ஜியின் மணம் இழுக்கும். அதை நான் தடுப்பதில்லை, சூடாகப் பொரித்தது என்பதால் வயிற்றுக்கும் பயமில்லை. நறுக்கிவைத்த பழங்களையும் திறந்துவைத்த சட்னியையும் மட்டும் தவிர்க்கிறோம். பருவத்தில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவித்து விற்பார்கள். தோலுரித்துத் தின்னும் பழங்கள் பயணத்தில் எப்போதும் நம்பத் தகுந்தவை.

உதகை மலை ரயில் வேறு பாடம் கற்பித்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு 46 கிலோமீட்டர். ஏறுவதற்கு ஐந்து மணி நேரம் போலப் பிடிக்கும். 1899இல் குன்னூர் வரையும் 1908இல் உதகை வரையும் திறக்கப்பட்ட இந்தப் பாதையை 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவிலுள்ள பல்சட்டத்தைப் பற்றிக்கொண்டு, நீராவி இயந்திரம் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளும். மொத்தம் 16 குகைப்பாதைகள். ஒவ்வொன்றின் இருட்டிலும் பெட்டி முழுவதும் குழந்தைகள் கூச்சலிடுவார்கள். என் மகன் விரல்விட்டு எண்ணத் தொடங்கி, விரல்கள் தீர்ந்ததும் அக்காவின் விரல்களைக் கடன் வாங்கினான். இயந்திரம் தண்ணீர் பிடிக்க நிற்கும் ஹில்குரோவ் போன்ற நிலையங்களில் எல்லாரும் இறங்கிக் கைகால் நீட்டுவார்கள். அங்கே பொட்டலத்தைப் பிரிக்கவே கூடாது. குரங்குகள் நம்மைவிட முன்னதாக வந்து காத்திருக்கும். எனவே மலை ரயிலில் ஏறுவதற்கு முன்பே, மேட்டுப்பாளையத்திலேயே காலை உணவை முடித்துவிட வேண்டும். வளைவுகளில் வயிறு புரட்டும் பிள்ளைகளுக்கு எண்ணெய்ப் பொடி இட்லியைவிட வெறும் இட்லியும் சிட்டிகைச் சர்க்கரையும் மேல். தோல் சீவி உப்பில் ஊறவைத்த இஞ்சித் துண்டு சிலவற்றையும் கையில் வைத்துக்கொள்வேன்.

ராமேஸ்வரத்துக்குப் போனது, 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பிறகு. 1914இல் கட்டிய பழைய பாலம் பக்கத்திலேயே தெரிய, கப்பலுக்கு வழிவிட நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலெழும் புதிய பாலத்தின் மீது வண்டி போனது. இருபுறமும் கடலைப் பார்த்துக்கொண்டே பிள்ளைகள் வாயிலிருந்ததை மெல்ல மறந்தார்கள். அங்கிருந்து தனுஷ்கோடிக்கு மதியச் சோற்றைக் கட்டிக்கொண்டு போனோம். 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த ஊரின் தேவாலயச் சுவர்களைப் பார்த்துவிட்டு அரிச்சல்முனை போகிறவர்கள் இரண்டை நினைவில் வைக்க வேண்டும். ஒன்று, குடிநீரை ராமேஸ்வரத்திலேயே போதுமான அளவு எடுத்துக்கொள்வது. மற்றொன்று, அந்தக் காற்றில் பெரிய பாத்திரத்தைத் திறந்துவைத்துப் பரிமாற முடியாது. கரண்டி எடுப்பதற்குள் மணல் வந்து விழும். ஆளுக்கொரு பொட்டலமாகச் சிறிய இலைகளில் கட்டியிருந்தால், கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, பிரித்த வாக்கில் மடியிலேயே வைத்துத் தின்றுவிடலாம். இலைகளையும் நாரையும் பையில் போட்டுத் திரும்ப எடுத்துவர வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன்; அங்கே கிடந்த குப்பையைப் பார்த்த பிறகு சொல்லத்தான் வேண்டும் என்று தோன்றுகிறது.

ரயிலில் உணவைப் பகிர்ந்துகொள்வது பற்றி ஒரு சொல். முன்பின் தெரியாதவர்கள் தரும் உணவை உண்ண வேண்டாம் என்று ரயில்வே அறிவிப்பது நியாயமானது. பிள்ளைகளுக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். எனினும், எதிரில் ஒரு பாட்டி வெறும் பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருக்கையில் நாம் மட்டும் இலை பிரித்து உண்பதும் சரியாகப் படவில்லை. ஆகவே கேட்டுவிட்டு, விருப்பமிருந்தால் கொடுக்கிறோம். அவர்கள் திருப்பித் தருவதில் தோலோடிருக்கும் வாழைப்பழத்தையோ ஆரஞ்சையோ மட்டும் நன்றி சொல்லி வாங்கிக்கொள்கிறோம். இதில் யாரும் வருத்தப்பட்டதில்லை. கொடுக்கும் வேலை மகனுடையது. கொடுத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்தபடி நிற்பான். நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்லும்வரை நகர மாட்டான்.

பள்ளிக்கு மழை விடுமுறை விட்ட ஒரு நாளில், சமையலறையில் ஒன்றும் விசேஷமில்லாத பகல்பொழுதில், பிள்ளைகள் இருவரும் நாற்காலிகளை இரண்டு வரிசையாகப் போட்டு, ஜன்னலோரத்துக்காகச் சண்டையிட்டு, என்னிடம் வந்து சாப்பாட்டைப் பொட்டலமாகக் கட்டித்தரக் கேட்டார்கள். அன்றைய ரசஞ்சோற்றைக் கட்ட முடியாது என்று சொன்னதற்கு, வண்டி திருச்சியில் நிற்கும்போது தட்டில் வாங்கிக்கொள்வதாக மகன் சமாதானம் சொன்னான். நானும் முந்தானையில் கைதுடைத்துக்கொண்டு, நாற்காலி வரிசைக்கு வெளியே தட்டோடு நின்று, "சாப்பாடு, சாப்பாடு" என்று கூவி விற்றேன். அதற்குப் பிறகு, காய்கறி தீர்ந்துபோன நாட்களில் இந்த விளையாட்டை நானே தொடங்கிவைப்பதுண்டு. பருப்புப்பொடிச் சோறும் அப்பளமும் பொட்டலத்தில் வந்தால் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் இறங்கும்.

இப்போது மகள் பத்தாம் வகுப்பு. சென்ற கோடைப் பயணத்துக்குப் புளிக்காய்ச்சலை அவளே செய்தாள். நான் நறுக்கும் வேலையும் இலை வாட்டும் வேலையும் பார்த்தேன். எண்ணெய் பிரியும்வரை பொறுக்காமல் அடுப்பை அணைக்கப் போனவளைத் தடுக்க வாயெடுத்தேன். அதற்குள் அவளே மறுபடியும் கிளறிவிட்டு, "இன்னும் ஓரத்துல எண்ணெய் வரலம்மா" என்றாள். வெந்தயத்தை மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சிவக்க வறுத்துவிட்டதால் லேசாகக் கசந்தது. மதுரை வரும்முன் அதுவும் தீர்ந்துபோனது.

திரும்பி வரும்போது நாங்கள் எதுவும் சமைப்பதில்லை. அத்தை எலுமிச்சைச் சோறும் எள்ளுத் துவையலும் கட்டித் தருவார்கள். இரண்டு வகை போதும் என்ற எங்கள் விதி தென்காசியில் செல்லாது என்பதால் கூடவே முறுக்கும் அதிரசமும் கருப்பட்டியும் ஏறிவிடும். மாலையில் வண்டி கிளம்பி ராஜபாளையம் வருவதற்குள் தொலைபேசியில் கூப்பிட்டு, "சாப்டாச்சா, இல்ல பிள்ளைகளுக்கு மட்டும் குடுத்துட்டு நீ சும்மா இருக்கியா?" என்று கேட்பார்கள். நான் எனக்கென்று வைத்திருந்த பொட்டலத்தைப் பிரிப்பேன். மகன் அதற்குள் தன்னுடையதை முடித்துவிட்டு, என் இலையில் எவ்வளவு துவையல் இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பான். பாதியைக் கொடுத்துவிடுவேன், முழுவதையும் கொடுப்பதில்லை.